வளையத்தில் ஒரு சிவப்புப் பொட்டு

என் மனைவி நெயில் பாலிஷ் போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மாதம் ஒரு புட்டி சிவப்பு நெயில் பாலிஷ் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. முதல் மாதம் பேசாமல் இருந்தேன். இரண்டாம் மாதம் அவள் விரல்களைக் கவனித்தேன். சாக்பீஸ் பிடிக்கிற என் விரல்களைவிட வெறுமையாக இருந்தன. மூன்றாம் மாதம் கேட்டே விட்டேன். "அது பாராசூட்டுக்குங்க" என்றாள், பால் டீக்கு என்று சொல்வது போல. புதுப் பெண்டாட்டி கேலி செய்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன். அவள் கேலி செய்யவில்லை.

அவளுக்கு விமானப்படைத் தளத்தில் வேலை. சீருடை கிடையாது. பாராசூட் பிரிவில் நீளமேசைக்குப் பொறுப்பாளர். பாராசூட் என்றதும் மனிதர்கள் குதிப்பதை நினைக்க வேண்டாம். இது விமானத்துக்கான பாராசூட். போர் விமானம் தரையைத் தொடும்போது ரயிலைவிட இரண்டு பங்கு வேகத்தில் இருக்கும். சக்கரத்து பிரேக்கை மட்டும் நம்பினால் ஓடுபாதையும் முடிந்து வேலியும் முடிந்து அடுத்தவர் நிலத்தில்தான் போய் நிற்கும். அதனால் வாலில் ஒரு பாராசூட்டை மடித்து வைத்திருப்பார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் விமானி ஒரு பொத்தானை அழுத்துவார். வாலில் கதவு திறந்து, பாராசூட் பின்னால் விரிந்து, விமானத்தை இழுத்துப் பிடிக்கும். வேகம் குறைந்ததும் இன்னொரு பொத்தான். அதை அழுத்தினால் கொக்கி திறந்து பாராசூட் கழன்று விழும். ஒரு வண்டி போய் அதை அள்ளிக்கொண்டு அவளிடம் வரும். அவளும் இன்னும் ஐந்து பேரும் அதைத் தூசி தட்டி, உயரமான கோபுரத்துக்குள் தொங்கவிட்டுக் காயவைத்து, கிழிசல் பார்த்து, மேசையில் நீட்டி மடித்து, பைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். மறுநாள் அது மறுபடி விரியும். இருபத்துநான்கு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு.

நெயில் பாலிஷ் எதற்கென்றால், பாராசூட்டின் கயிறுகளெல்லாம் கடைசியில் ஓர் இரும்பு வளையத்தில் வந்து சேரும். அந்த வளையம்தான் விமானத்தின் வாலில் உள்ள கொக்கியில் மாட்டும். மடித்து முடித்து, அந்தப் பாராசூட்டுக்கான அட்டையில் கையெழுத்துப் போட்ட பிறகு, அவள் அந்த வளையத்தின் உள்பக்கம், கொக்கி படுகிற இடத்தில், சிவப்பாக ஒரு பொட்டு வைப்பாள். பாராசூட் விமானத்தின் பாரத்தை இழுத்துப் பிடித்தால் அந்தப் பொட்டு தேய்ந்து போய்விடும். திரும்பி வந்ததும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான். பொட்டு போயிருந்தால் பாராசூட் தன் வேலையைச் செய்தது என்று அர்த்தம். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. அவளாக ஏற்படுத்திக்கொண்டது.

தொழில் வீட்டுக்கும் வரும். எங்கள் வீட்டில் போர்வை, துண்டு, குடை, நான் படித்துவிட்டுப் போடும் செய்தித்தாள் எல்லாமே ஓர் ஒழுங்கில் மடிந்திருக்கும். எங்கள் மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்பியபோது பெட்டியை அடுக்கிக் கொடுத்தது அவள்தான். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்த பெண், பிறகு பாதித் துணியைக்கூட அதற்குள் திரும்ப வைக்க முடியாமல், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கூடுதலாக இரண்டு பையோடு வருகிறாள்.

தளத்தில் அவளுக்குப் பாராசூட் அக்கா என்று பெயர். படைத்தலைவரிலிருந்து தண்ணீர் லாரி ஓட்டுபவர்வரை எல்லாருக்கும் அக்கா. அக்கா புருஷன் மாமாதானே. ஆக, வான் எல்லையைக் காக்கும் பதினெட்டு விமானிகளுக்கு மாமன் என்கிற பெருமை எனக்கு. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிற வேறெந்த வாத்தியாருக்கும் இது வாய்த்திருக்காது.

அந்தப் பெருமையில்தான் மாட்டிக்கொண்டேன். தளத்தில் இருக்கும் போர் விமானப் பிரிவான ஸ்குவாட்ரனுக்கு மீன்கொத்தி என்று பெயர். அதற்கு அறுபது வயது ஆகப்போகிறது, சரித்திரத்தைப் புத்தகமாகப் போட வேண்டும், எழுதித்தர முடியுமா என்று சி.ஓ. கேட்டார். சி.ஓ. என்றால் ஸ்குவாட்ரனின் தலைவர், அவரும் விமானிதான். சரித்திர வாத்தியாரிடம் சரித்திரம் எழுத முடியுமா என்று கேட்டால் முடியாது என்று சொல்ல வாய் வருமா? ஆழம் தெரியாமல் காலை விட்டேன். பத்து மாதம் பழைய பதிவேடுகளின் தூசியில் தும்மிக்கொண்டே வாழ்ந்தேன்.

ஆனால் பொய் சொல்லக்கூடாது, நான் அனுபவித்து எழுதினேன். ஸ்குவாட்ரனின் முதல் விமானங்கள் முன்னால் காற்றாடி சுற்றுகிறவை. வேறொரு நாடு ஓட்டிக் கழித்தவை. வெயிலில் நம் பெயிண்ட் உரிந்தால் அடியில் பழைய சொந்தக்காரரின் சின்னம் எட்டிப் பார்க்கும். அதில் மூன்றாம் நம்பர் விமானம் எஞ்சினின் ஓரிடத்தில் மரச்சுத்தியலால் தட்டினால் மட்டும் கிளம்பும். அந்தச் சுத்தியலுக்கும் பதிவேட்டில் தனியாக ஒரு நம்பர் இருந்தது. அடுத்து வந்தவை முதல் ஜெட்டுகள். அவை கிளம்பும் சத்தத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன. வருடா வருடம் விமானப்படை கண்ணாடி வாங்கிக் கொடுத்தது. நான் மாணவனாக இருந்தபோது என் பக்கத்து ஜன்னல் நான்கு முறை மாறியது. மூன்றாவதாக, முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால், முக்கோண இறக்கை விமானங்கள் வந்தன. பெரிய பெரிய மரப்பெட்டிகளில் கப்பலில் வந்தவை. அந்தப் பெட்டிப் பலகையில் செய்த பெஞ்சில்தான் தளத்தின் கேன்டீனில் இன்றைக்கும் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். இந்த விமானங்கள் இறங்கும் வேகத்துக்காகத்தான் பாராசூட் பிரிவே தொடங்கினார்கள். ஓடுபாதையின் கோடியில் ஒரு பெரிய வலையையும் கட்டினார்கள். பாராசூட் கைவிட்டால் வலை பிடிக்கும்.

இப்போது நான்காவதாகப் புது ரக விமானங்கள் வரப்போகின்றன. முக்கோண இறக்கைகளுக்கு விடைகொடுக்கும் நாளில்தான் என் புத்தகத்தையும் வெளியிடுவதாக ஏற்பாடு. அவற்றில் மிகப் பழையது ஏழாம் நம்பர். அதைக் கடைசியாக ஒருமுறை பறக்கவிட்டு, தளத்தின் வாசலில் மேடை கட்டி நிறுத்துவார்கள். புத்தகத்தில் ஏழாம் நம்பருக்கென்று ஓர் அத்தியாயமே வைத்திருந்தேன்.

பாராசூட் பிரிவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, கதவுப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. பாராசூட் ஒருமுறைகூடத் தவறாமல் எத்தனை தரையிறக்கம் ஆகியிருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அவள் மேசைக்கு வந்த நாளில் ஒன்றிலிருந்து தொடங்கியது. தினமும் மாலை அவளே துடைத்து அவளே எழுதுவாள். இரண்டாவது, அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த விமானியாவது அவசரப்பட்டுப் பாராசூட்டை ஓடுபாதைக்கு வெளியே சேற்றிலோ புல்லிலோ கழற்றிவிட்டால், மறுநாள் வந்து அக்காவின் மேசையில் ஒரு பாராசூட்டைத் தன் கையால் மடித்துக் கொடுக்க வேண்டும். மடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். எல்லா விமானியும் ஒருமுறையாவது மடித்திருக்கிறார்கள். பதினெட்டு வருடத்தில் அந்த மேசைப் பக்கம் வரவேண்டியிராத ஒரே ஆள் சி.ஓ. அதைத் தன் பதக்கங்களைவிடப் பெருமையாக அவர் சொல்லிக்கொள்வார்.

விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. பலகையில் 38,416 என்று இருந்தது. புது விமானத்தில் பழகுவதற்காக ஆறு வாரம் வெளியே போயிருந்த சி.ஓ. திரும்பி வந்த மறுநாள் காலை, ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டு பறந்தார். பதினோரு மணிக்கு இறங்கினார். பாராசூட் பிடிக்கவில்லை. விமானம் நேராக ஓடுபாதைக் கோடிக்குப் போய் வலையில் விழுந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சி.ஓ.வுக்கு ஒரு கீறலும் இல்லை. ஏழாம் நம்பருக்கு மூக்கில் கொஞ்சம் சிராய்ப்பு. ஆனால் மாலைக்குள் அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்து, அக்கா உள்ளே வேலையாக இருக்கும்போதே, பலகையைத் துடைத்து 0 என்று எழுதிவிட்டுப் போனார். 'பாராசூட் மடிப்பில் பிழை இருக்கலாம்' என்று முதல்கட்ட அறிக்கை சொன்னது. அதோடு விட்டார்களா? ஏழாம் நம்பர் அத்தியாயத்தில் சேர்க்க வேண்டிய வரி என்று ஒரு சீட்டை டைப் அடித்து எனக்கே அனுப்பினார்கள். 'ஓய்வு பெறுவதற்கு மூன்று வாரம் முன்பு, மடிப்புப் பிழையால் பாராசூட் செயல்படாமல், இவ்விமானம் வலையில் சிக்கியது.' பெண்டாட்டி மேல் பழியை எழுதுவதற்குப் புருஷன் கையையே கேட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

வீட்டுக்குப் போனால் அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டை ஒன்றை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். நான் சீட்டைக் காட்டவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தளத்தில் எந்த ரகசியமும் ஓடுபாதையைத் தாண்டுவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான் எழுத மாட்டேன், புத்தகத்தையே அவர்கள் முகத்தில் வீசிவிடுகிறேன் என்று குதித்தேன். அவள் குதிக்கவில்லை. போன மாதம் புது விமானத்தின் பாராசூட் ஒன்று மாதிரிக்கு வந்ததாம். அதன் மடிப்பு வேறு. வலது பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அதை மடித்துப் பழகிய பிறகு, பழைய பாராசூட்டை மடிக்கும்போது இரண்டு தடவை அவள் கை தானாக வலது பக்கம் போய்விட்டதாம். இரண்டு தடவையும் பார்த்துப் பிரித்துச் சரிசெய்துவிட்டாள்.

"மூணாவது தடவை கவனிக்காம விட்டுட்டேனோ என்னவோ" என்றாள். இருபத்துமூன்று வருடத்தில் அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "நீங்க எழுதுங்க. தப்பு என்னுதுன்னா நீங்கதான் எழுதணும், வேற யாரும் எழுதக்கூடாது. ஆனா என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க."

இதற்கு மேல் நான் என்ன குதிப்பது? உட்கார்ந்து மிச்சத் துணியை நானும் மடித்தேன். நான் மடித்ததையெல்லாம் அவள் பிரித்து மடித்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுநாள் காலை வெளியிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். சரித்திரம் எழுதுகிறவன் என்ற சலுகையில் என்னையும் ஓரமாக உட்கார விட்டார்கள். சி.ஓ. நடந்ததை நேர்மையாகச் சொன்னார்: பொத்தானை அழுத்தினேன், இழுவை வரவில்லை, வலையில் போய் நின்றேன். ஓடுபாதை ஓரத்தில் கிடந்த பாராசூட்டைத் தீயணைப்பு ஆட்கள் சுருட்டி ஒரு சாக்கில் திணித்து வைத்திருந்தார்கள். அதை யாரும் இதுவரை பிரித்துப் பார்க்கவே இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சும்மாவா வந்தது?

அதை மேசையில் விரித்துப் பார்க்கலாமா என்று என் மனைவி கேட்டாள். தன் மேல் சந்தேகம் இருக்கிற பொருளை அவள் தொடக்கூடாது, அது விதி என்றார் அதிகாரி. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடல சார். நீங்க விரிங்க. நான் பாக்கறேன்" என்றாள்.

விரித்தார்கள். ஒரு கூடத்தின் நீளம் இருக்கிற மேசை நிறைய வெள்ளைத் துணி. கைகளைப் பின்னால் கட்டியபடியே அவள் அதைச் சுற்றி மெதுவாக நடந்தாள். துணி பையை விட்டு முழுக்க வெளியே வந்திருந்தது. எங்கும் முறுக்கு இல்லை, கயிறுகளில் சிக்கு இல்லை. ஓரத்து விளிம்பு சுற்றிலும் புல்லின் கறை. மடிந்தபடியே விழுந்திருந்தால் விளிம்பு முழுக்க எப்படிக் கறை படும்? அது நன்றாக விரிந்து, காற்றில் போய்ப் புல்லில் விழுந்திருக்கிறது. இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகம் சொன்னது. கடைசியில் வளையத்தின் பக்கம் வந்து நின்றாள். குனிந்து பார்த்தாள். அதைக் கொஞ்சம் திருப்பச் சொன்னாள்.

வளையத்தின் உள்பக்கம் சிவப்புப் பொட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. கொஞ்சம்கூடத் தேயவில்லை.

பாராசூட் விரிந்திருக்கிறது, ஆனால் விமானம் அதைப் பிடித்திருக்கவே இல்லை. கொக்கி முன்னாலேயே திறந்திருக்கிறது. அப்படியானால் மடிப்பில் பிழையில்லை. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் முழுதாக வரவில்லை. ஏனென்றால் இப்போது எல்லாக் கண்களும் கொக்கியில் பாராசூட்டை மாட்டிப் பூட்டிய மெக்கானிக்கின் பக்கம் திரும்பிவிட்டன.

அவருக்கு ஸ்குவாட்ரனில் சத்தியம் என்று பெயர். எதற்கெடுத்தாலும் சத்தியம் செய்வார். டீயில் சர்க்கரை கம்மி என்பதற்கே அம்மா மேல் சத்தியம் செய்கிறவர். அவர் என்ன சொன்னாலும் பாதிதான் நம்ப வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அன்றைக்கு அவர் எழுந்து நின்றார். "பூட்டினேன். இழுத்தும் பாத்தேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார். சத்தியம் செய்யவில்லை. அதனாலேயே அந்த அறையில் இருந்த எல்லாரும் அவரை நம்பினோம். ஆனால் அதிகாரியின் தாளில் அதையெல்லாம் எழுத முடியாது. விமானம் நின்றபின் பார்த்தபோது கொக்கி திறந்துதான் இருந்தது. எப்போது திறந்தது என்று கொக்கி வாய் திறந்து சொல்லாது.

அப்போதுதான் என் மனைவி சி.ஓ.வைப் பார்த்து, ஒன்று கேட்கலாமா என்றாள். கேளுங்க அக்கா என்றார் அவர்.

"புதுப் பாராசூட்டை மடிச்சுப் பழகுனதுலேருந்து என் கை ரெண்டு தடவை தப்பாப் போச்சு சார். பழசை மடிக்கறப்போ புதுசு மாதிரி மடிச்சுது. நான் மடிக்கல, கை மடிச்சுது. பாத்துப் பிரிச்சுட்டேன். நீங்களும் ஆறு வாரம் புதுசுல பழகிட்டு வந்திருக்கீங்க. ஒரு தடவை ஏழாம் நம்பர்ல உக்காந்து, கண்ணை மூடிட்டு இறங்கிப் பாருங்க."

அதிகாரியின் பேனா விறுவிறுவென்று ஓடியது. சும்மா இருந்த சங்கை ஊதிவிட்டாளே என்று எனக்குப் பதறியது. பொட்டு தப்பவைத்த பிறகு, தன் கை தவறியதைத் தானே போய் ஒப்புக்கொள்வார்களா? ஒருவர் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு வராது, அவ்வளவுதான். சி.ஓ.வின் முகம் இறுகியது. பதினெட்டு வருடம் ஒரு பாராசூட்டையும் சேற்றில் போடாதவர். எழுந்து, விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரை நோக்கி நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் ஓடினோம்.

ஏழாம் நம்பர் மூக்கில் சிராய்ப்போடு நின்றுகொண்டிருந்தது. சி.ஓ. ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் சக்கரம் வைத்த மேடையை இழுத்துப் போட்டு அதிகாரியும் என் மனைவியும் சத்தியமும் ஏறினார்கள். நான் படியில் நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தேன். அவருக்கு எதிரே இடது பக்கம் இரண்டு பொத்தான்கள், ஒன்றின் மேல் ஒன்று. மேலே இருப்பது பாராசூட்டை விரிக்கும். கீழே இருப்பது கொக்கியைத் திறந்து கழற்றிவிடும். சி.ஓ. கண்ணை மூடிக்கொண்டார். சத்தியம் இறங்குவதன் ஒவ்வொரு படியையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சக்கரம் இறங்கியாச்சு. ஓடுபாதை வந்தாச்சு. சக்கரம் தொட்டாச்சு.

சி.ஓ.வின் இடது கை எழுந்து, கொஞ்சமும் தயங்காமல், கீழே இருந்த பொத்தானை அழுத்தியது. வேகம் குறைஞ்சாச்சு என்றதும் மேலே இருந்ததை.

அவர் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். புது விமானத்தில் விரிக்கிற பொத்தான் கீழே, கழற்றுகிற பொத்தான் மேலே என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆறு வாரம் அதில் பழகிய கை, பழைய விமானத்தில் முதலில் கொக்கியைத் திறந்துவிட்டு, இழுவை வராததும் கழற்றிவிடுவதாக நினைத்துப் பாராசூட்டை விரித்திருக்கிறது. பிடிக்க ஆளில்லாமல் அது பறந்து போய்ப் புல்லில் உட்கார்ந்துகொண்டது. பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீக்கும் என்பார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே கையில் அன்றுதான் பார்த்தேன்.

"அக்கா, உங்க பாராசூட் ஒழுங்காத்தான் விரிஞ்சுது" என்றார் சி.ஓ., எல்லாருக்கும் கேட்கும்படி. "நான்தான் அதுக்கு முன்னாடியே கைவிட்டுட்டேன்."

"கைதான் சார்" என்றாள் அவள். "எனக்கும் அப்படித்தான் ஆச்சு."

புது விமானத்தில் பழகிவந்த மற்ற நான்கு பேரையும் அன்று பிற்பகலே உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்கள். அதில் இரண்டு பேரின் கை அதே தப்பைச் செய்தது. வேறொரு நாள் வேறொரு வலையில் விழ வேண்டியவர்கள். சாயங்காலத்துக்குள் எல்லாப் பழைய விமானத்திலும் கீழ்ப் பொத்தானுக்கு ஒரு சிவப்பு மூடி வந்துவிட்டது. சத்தியம்தான் ஒவ்வொன்றாக மாட்டினார். மாட்டும்போதெல்லாம் பழையபடி சத்தியம் செய்துகொண்டிருந்தார் என்று கேள்வி.

சி.ஓ. நேராகப் பாராசூட் பிரிவுக்கு வந்து, பலகையில் இருந்த 0-வைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்து, 38,417 என்று எழுதினார். அவள் அவர் கையிலிருந்த சாக்பீஸை மரியாதையாக வாங்கி, கடைசி இலக்கத்தை அழித்து 6 என்று மாற்றினாள். விரிந்தது சரி, ஆனால் விமானத்தை நிறுத்தவில்லையே, அதை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டாள். எனக்கு இப்படி ஒரு பெண்டாட்டி. வீட்டில் நான் ஒரு பொய் சொல்லிப் பிழைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு வந்த டைப் சீட்டையும் சி.ஓ. கேட்டு வாங்கிக் கிழித்தார். பதிலுக்குத் தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: 'அன்று பாராசூட் விரிந்தது, நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.' புத்தகத்தில் அது அப்படியே இருக்கிறது. இருநூறு பக்கத்தில் நான் எழுதாத வரி அது ஒன்றுதான். புத்தகத்திலேயே நல்ல வரியும் அதுதான் என்கிறாள் என் மகள். பெற்ற பிள்ளை.

அப்புறம் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சி.ஓ. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசைக்கு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. விஷயம் எப்படியோ பரவி, பறக்கிற வேலை இல்லாத விமானிகள் எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சிலர் வருடக்கணக்காக இதற்குத்தான் காத்திருந்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். முதல் மடிப்பைப் பிரிக்கச் சொன்னாள். இரண்டாவதையும் பிரிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை கயிறு ஒன்று அடியில் போய்விட்டது என்று முக்கால்வாசி மடித்த பிறகு பிரிக்கச் சொன்னபோது, சுவரோரம் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். எட்டுக்கு ஆரம்பித்தது பன்னிரண்டரைக்கு முடிந்தது. சி.ஓ.வின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நிமிர முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இத்தனை வருடமும் இதையா தினம் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை என்றாள் அவள்.

அட்டையில் இரண்டு கையெழுத்து விழுந்தது, மடித்தவர் என்ற இடத்தில் அவருடையது, சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவளுடையது. பிறகு அவள் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் புட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள். நான்கரை மணிநேரம் துணியோடு மல்லுக்கட்டிய கைக்கு அந்தச் சின்னத் தூரிகை பிடிபடவில்லை. வளையத்தில் ஒரு பொட்டு வைக்கப் போய்ப் பெரிய பட்டன் அளவுக்கு அப்பிவிட்டார். பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். அந்தப் பாராசூட்டை ஏழாம் நம்பரின் கடைசிப் பறப்புக்கு என்று எழுதி, தனியாக எடுத்து வைத்தாள்.

விழா நாளும் வந்தது. பழைய விமானிகள், அவர்கள் குடும்பம், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் என்று ஓடுபாதை ஓரம் நல்ல கூட்டம். விடுதியிலிருந்து மகளும் வந்திருந்தாள், வழக்கம்போல மூன்று பையோடு. புத்தகத்தை வெளியிட்டார்கள். நான் இரண்டு நிமிடம் பேசினேன். ஆனால் என் நெஞ்சு அங்கே இல்லை. மடித்தது சி.ஓ. என்றாலும் சரிபார்த்தது அவள். அது கோணல்மாணலாக விரிந்தால்? இருபத்துநான்கு வருடமும் போய், இத்தனை பேர் கண் முன்னால் மறுபடி பூஜ்யம். நான் இதை அவளிடம் சொல்லவில்லை. அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நம்பர் தளத்தின் மேல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு இறங்கியது. சக்கரம் தொட்டதும் கொஞ்சம் புகை எழுந்தது. வால் கதவு திறந்தது. ஒரு வெள்ளைக் கட்டு பின்னால் பாய்ந்தது, நீண்டது, படக்கென்று முழு வட்டமாக விரிந்தது. விமானம் ஒரு குலுக்குக் குலுங்கி வேகம் தணிந்தது. பாதி ஓடுபாதைகூட அதற்குத் தேவைப்படவில்லை. கூட்டம் முழுக்கக் கைதட்டியது. சத்தியம் பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும் தான் பூட்டியதாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

எல்லாரும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவியை மட்டும் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் பாராசூட்டை அள்ளுகிற வண்டியில் முன்சீட்டில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறாள். அது அவள் வேலையே இல்லை. போன வேகத்தில் திரும்பி வந்தாள். வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கினாள். ஐம்பது வயதில் இரண்டு கைகளாலும் அந்தக் கனமான வளையத்தைத் தூக்கிக்கொண்டு, கயிறுகள் பின்னால் தரையில் இழுபட, புல்லில் ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"பாருங்க" என்றாள், மூச்சு வாங்கியபடி.

வளையத்தின் உள்பக்கத்தைக் காட்டினாள். அவ்வளவு பெரிதாக அப்பியிருந்த சிவப்பு, துளிகூட இல்லாமல், இரும்பு பளபளவென்று தெரிந்தது.

"போயிடுச்சு" என்றாள். சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் சிரித்தாள். ஒன்று இல்லாமல் போனதற்கு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் என் பெண்டாட்டி என்று அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எல்லாருக்கும் அது ஏற்கெனவே தெரியும் என்பதால் சும்மா இருந்தேன். அன்று மாலை பலகையில் 38,529 என்று எழுதினாள்.

மறுநாள் பள்ளி முடிந்ததும், இத்தனை வருடமாக நான் தனியாக நுழையக் கூச்சப்பட்ட பொட்டு, வளையல் கடைக்குப் போய், நானே இரண்டு புட்டி சிவப்பு நெயில் பாலிஷ் கேட்டேன். வீட்டில் யாருக்கு என்றார் கடைக்காரர். புது விமானம் வருகிறது, அதற்கு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் சிரித்தேன்.